ஏற்றம் ஆறு நாற்பதுக்கு

பரேலில் இரவு ஷிஃப்ட் முடிந்து
யூனிஃபார்மைப் பைக்குள் திணித்து
வொர்லியின் நாலுகால் கான்கிரீட் கல்லொன்றில்
ஈரம் பாராமல் உட்காருகிறேன்.
கடல் ஏறிக்கொண்டிருக்கிறது.

முதலில் வருவது எப்போதும் கெளுத்தி.
மீசை, முள், ஒரு முனகல்.
துணி சுற்றிப் பிடிக்காவிட்டால்
என் வார்டிலேயே நான் படுக்க வேண்டியதுதான்.

அடுத்தது பேத்தை.
கையிலெடுத்ததும் உப்பிக்கொண்டு
சூப்பர்வைசர் போல் முறைத்தது.
திருப்பிப் போட்டேன்;
காற்று இறங்கும்வரை
வயிறு மேலாக மிதந்தது, மானமில்லாமல்.

பக்கத்துக் கல்லில் ஹிராஜி,
வங்கிக் காசாளர்.
வீட்டில் சொல்லி வந்திருப்பது நடைப்பயிற்சி.
துள்ளும் மீனைக் காட்டி மடவை என்கிறேன்.
‘போய்’ என்கிறார்.
எங்கே போக?
மராத்தியில் மடவைக்கு அதுதான் பெயராம்.
காலா என்றால்
கறுப்பாய் எதுவுமில்லையே என்று தண்ணீரைத் தேடுகிறார்.
வெள்ளி மின்னும் அந்த மீன்
அவருக்கு ராவஸ்.

ஏழு மணிக்குக் கோல் வளைந்தது.
ரீல் அலறியது.
கொடுவா! இது நான்.
ஜிதாடா! இது அவர்.
ஒரே துள்ளல்,
வாய் பிளந்து தலையை ஓர் உதறு,
செவுளின் கத்தி விளிம்பில்
நரம்பு அறுந்து
என் முகத்தில் வந்து சுருண்டது.

ஆறு கிலோ இருக்கும் என்றேன்.
எட்டு என்றார் ஹிராஜி,
தன் மீனாக இல்லாதபோதும்.

சயான் போகும் பஸ்ஸில்
டிக்கெட் எடுக்கும்போது
அது பத்தாகியிருந்தது.