எழுநூறு மில்லி நொடி

கீழே காலி கேஸ் தோங்குகள் உருளும் சத்தம்.
மேல்மாடியில் நான்
ஒரு குரலுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தேன்.
"போன் எடுக்க ஆள் இல்லை, யாழரசி.
பக்கத்தைத் திறந்தா அதுவே பேசணும்,
அதுவே ஆர்டர் எழுதணும்" என்றார் ஊய் தவுக்கே.

முதல் நாள் மைக் திறக்கவில்லை.
பூட்டுப் படம் இல்லாத முகவரிக்கு
பிரவுசர் காது கொடுக்காதாம்.
சான்றிதழ் வாங்கிப் பூட்டினேன்.
பூட்டிய பிறகுதான் திறந்தது.

மறுநாள் தன் குரலையே கேட்டுத்
தனக்கே பதில் சொன்னது.
எத்தனை தோங் வேண்டும்?
எத்தனை தோங் வேண்டும்?
"நல்ல வியாபாரி லா" என்று தவுக்கே சிரித்தார்.

அப்புறம் மழை.
பாடாங் செராயின் தகரக் கூரையை
ஒரு நாளும் கேட்டிராதவர்கள்
பழக்கிய மாடல் அது.
மழையை ஒரு வாடிக்கையாளர் என்று நினைத்து
பேசி முடிக்கட்டும் எனக் காத்திருந்தது
நாற்பது நிமிடம்,
ஒரு வார்த்தை குறுக்கிடாமல்.

அதையும் சரிசெய்தேன்.
பேச்சு நின்று எழுநூறு மில்லி நொடி ஆனால்
பதில் கிளம்பும்.
"மனுசன் மாதிரியே இருக்கு"
நாசி லெமாக் கடை சின்னபாப்பாவின் சான்றிதழ்.

வெள்ளிக்கிழமை பதிவுகளைப் புரட்டினேன்.
ஒரே எண். இரவு ஒன்பது பத்திலிருந்து
பதினோரு தடவை.

ரெ…
மன்னிக்கவும், புரியவில்லை.
ரெ… ரெண்…
மன்னிக்கவும், மறுபடியும் சொல்லுங்கள்.
மு…
மூன்று தோங்குகளா?

பதினோராவதில் பேச்சே இல்லை.
ஒரு மூச்சு,
பின்னால் தொலைக்காட்சியில் யாரோ சிரிக்கிறார்கள்.

முனிரத்தினம். குலை வெட்டுகிறவர்.
முப்பதடிக் கழியின் நுனியில் அரிவாள்,
செம்பனை உச்சியில் ஒரே இழுப்பு.
கை தடுமாறியதே இல்லை.
முன்பெல்லாம் அவர் ரெ என்றதுமே
"ரெண்டா? சரி சரி, ஆறாங்கட்டைதானே"
என்று தவுக்கே வைத்துவிடுவார்,
அன்பாகத்தான்.

மழைக்குக் காத்திருந்த ஒன்று
இவருக்குக் காத்திருக்கவில்லை.
எழுதியவள் நான்.

எழுநூறை மூவாயிரம் ஆக்கினேன்.
திங்கள் காலை ஊரே ஏசியது.
தூங்குதா அது? செத்துப்போச்சா?
ஹலோ, ஹலோ, ஹலோ.
அத்தனை ஹலோவையும் வாடிக்கையாளர் பெயராக
எழுதி வைத்திருந்தது.
ஆயிரத்து ஐந்நூறு. ஆயிரத்து இருநூறு.
எந்த எண்ணும் எல்லாருக்கும் போதவில்லை.

ஒருவர் முடித்துவிட்டாரா என்பதை
அவரைத் தவிர யார் சொல்வது?
அளவைக் கழற்றி எறிந்தேன்.
திரை நடுவே ஒரு பச்சை வட்டம்:
அழுத்திப் பிடித்தால் உங்கள் முறை,
விரலை எடுத்தால் அதன் முறை.
"வாக்கி டாக்கி காலத்துக்குப் போயிட்டியே" என்றார் தவுக்கே.
ஆமாம் என்றேன்.

அன்றிரவு ஒன்பது இருபது. அதே எண்.
வட்டம் அமுங்கியது.
திரையில் குரலின் கோடு
நேராக ஓடுகிறது,
சின்ன மேடு,
மறுபடி நேர்.

ரெ…
ஐந்து நொடி.
ரெண்…
ஒன்பது.
விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டேன்,
உதவி செய்துவிடக் கூடாதே என்று.

ரெண்டு தோங்.
மு… முனிரத்தினம்.
ஆறாங்கட்டை, பழைய கித்தா ஸ்டோர் பின்னாடி.
முடிந்தது என்று நினைத்தேன்.
விரல் எழவில்லை.
பத்தொன்பது நொடி, கோடு நேராகவே.
நா… நாயைக் கட்டிப் போட்டுடுவேன்.
பயப்பட வேணாம்னு சொல்லுங்க.

காலையில் லோரிக்காரன் அஸ்மான்
சீட்டைப் படித்துவிட்டு மேலே வந்தான்.
நாலு வருசமா
அந்த வீட்டு வேலிக்கு வெளியிலேயே
தோங்கை இறக்கிவிட்டு ஓடி வருகிறானாம்.
"கட்டிப் போடுவேன்னு
அவர் முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"