டொக்

ஜெலுத்தோங் நிலையத்தில் நாலாம் பம்பு.
கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பையனிடம்
நூறு வெள்ளி கொடுத்துவிட்டு வருகிறேன்.
மீதியை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.
எவ்வளவு மீதி என்று
அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
காருக்கு ஒருவேளை தெரியும்,
சொல்லாது.

பாதி மின்சாரத்தில் ஓடும் வண்டி இது.
சிக்னலில் நின்றால் மூச்சு விடாது.
பாயான் லெப்பாஸில் ஷிப்டு விடும் நேரம்
நெரிசலோடு நெரிசலாக ஊர்கையில்
பெட்ரோல் இருப்பதையே மறந்துவிடும்,
பாலத்து மேட்டில் திடீரென்று இருமிக்கொண்டு
இஞ்சின் எழும்.
ஓடிய தூரத்தை வைத்து
இதன் வயிற்றைக் கணக்கிட முடியாது.
மீட்டரில் எட்டுக் கட்டங்கள்.
முதல் கட்டம் அணைய நூற்று நாற்பது கிலோமீட்டர்.
கடைசி மூன்றும்
இருபதாம் தேதிக்கு மேல் சம்பளம் போல.

புனிதவதியும் நானும் பாதிப் பாதி போட்டு வாங்கினோம்.
ஒரு வாரம் அவள், ஒரு வாரம் நான்.
மற்றவளுக்குத் தொழிற்சாலைப் பேருந்து.
ஞாயிறு மாலை சாவி கைமாறும்போது
தொட்டி நிறைந்திருக்க வேண்டும்.
அவ்வளவுதான் ஒப்பந்தம், எழுதிக்கூட வைக்கவில்லை.

எது நிறைவு என்பதில்தான் வழக்கு வந்தது.
குழாய் தானாக டொக்கென்று நின்றால்
நிறைந்துவிட்டது என்பேன் நான்.
அவள்
இருபத்தொரு வெள்ளி எழுபத்து நாலு காசில் நின்றதை
சொட்டுச் சொட்டாக
இருபத்தைந்துக்கு இழுப்பாள்.
"சில்லறையில முடிஞ்சா எனக்குத் தூக்கம் வராதுடி."

பட்டறை ஆ லெக்தான் மூடியைத் திறந்து
முகர்ந்து பார்த்து, மலாயில் திட்டினார்.
டொக்குக்குப் பிறகு ஊற்றாதே.
ஆவி பிடிக்க உள்ளே ஒரு கரிப்பெட்டி இருக்கிறது,
நனைந்தால் மாற்றிக் கொடுப்பேன்,
காசை நீங்கள்தான் தேட வேண்டும்.
அன்றோடு அவளும் நிறுத்திக்கொண்டாள்.
இரண்டு வருடம்.
வண்டிக்குள் கசங்கிக் கிடக்கும் ரசீதுகள் எல்லாமே
சில்லறையில் முடியும்.
தூக்கம் வந்ததா என்று நான் கேட்டதில்லை.

மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிறு
கடைசியாகச் சாவி தந்தாள்.
ஜொகூர் பாருவில் புது வேலை.
என் பாதிக்கு உள்ளதை மெல்ல அனுப்பு என்றாள்.
கட்டிப்பிடிக்கவெல்லாம் இல்லை.
பின்சீட்டில் கிடந்த குடையை எடுத்துக்கொண்டு போனாள்.
அது என் குடை.

திங்கள், எட்டுக் கட்டம்.
செவ்வாய் சுங்கைப் பட்டாணி போய் வந்தேன், எட்டு.
புதன் மழை, ஏசி, இரண்டு மணி நேர நெரிசல்.
எட்டு.
மீட்டர் கெட்டுவிட்டது, ஆ லெக்குக்கு மறுபடி அழ வேண்டும்
என்று நினைத்திருந்தேன்.
வியாழன், நூற்றெண்பதைத் தாண்டிய பிறகு
ஒரு கட்டம் அணைந்தது.
அப்போதுதான் ரசீதுகளைத் துழாவினேன்.
மேலாகக் கிடந்தது
இருபத்தைந்து வெள்ளி.
பூஜ்யம் பூஜ்யம் காசு.

அதற்குப் பிறகு இன்றுதான் எண்ணெய் ஊற்றுகிறேன்.
ஞாயிறு, பழக்கத்தில் வந்துவிட்டேன்,
வாங்கிக்கொள்ள யாருமில்லை.
ஒரு கட்டம் மின்னிக்கொண்டிருந்தது.
பிடியில் கை அதிர்கிறது, எண்கள் ஓடுகின்றன,
சூடான தரையிலிருந்து ஆவி எழுந்து
பக்கத்து லாரியை நெளிய வைக்கிறது.

டொக்.

ஐம்பத்தெட்டு வெள்ளி முப்பத்தேழு காசு.

பின்னால் ஒரு மோட்டார்சைக்கிள்காரர்
தலைக்கவசத்தைக் கழற்றாமல் காத்திருக்கிறார்.
ஒலிபெருக்கியில் பையன் கேட்கிறான்:
"பெனுஹ், காக்?"
நிறைஞ்சிருச்சா அக்கா என்று.

விரல் இன்னும் விசையில்தான் இருக்கிறது.
கொஞ்சம் இரு என்று
மற்ற கையைக் காட்டுகிறேன்.