வஞ்சப்புகழ்ச்சி

காலை ஏழு நாற்பது.
துபாய் பிசினஸ் பேயில் பதினேழாவது மாடி.
திரையில் ஒரு வட்டம்.
பச்சை என்றால் ஊர் புகழ்கிறது,
மஞ்சள் என்றால் முணுமுணுக்கிறது,
சிவப்பு என்றால்
ரனியா எனக்கு முன்பே வந்திருப்பாள்.

முன்பு இந்த வேலைக்குக் காது வேண்டும்.
எந்த ஆசிரியருக்கு எந்தப் பேரீச்சம்பழம்,
ரமலானில் யாரோடு எந்த இரவு இஃப்தார்,
எல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும்.
ஒரு மறுப்பறிக்கையில்
‘வருந்துகிறோம்’ போடலாமா,
‘கவனத்தில் கொண்டோம்’ போதுமா என்று
வக்கீலோடு அரை நாள் சண்டை.
இப்போது மெஷின்
ஆறு நொடியில் மூன்று மொழிகளில் வருந்துகிறது.
ஒரு கமா பிசகுவதில்லை.
ஐந்து பேர் இருந்தோம்.
இப்போது ரனியா, நான், வருடச் சந்தா.

இன்று வட்டம் தொண்ணூற்றொரு சதவீதம் பச்சை.
வாடிக்கையாளர் ஒரு கட்டுமானக் கம்பெனி,
நாலாயிரம் ஆட்கள், அறுபது பஸ்.
ரனியா கேக்குக்குச் சொல்லிவிட்டாள்.

பச்சைக்குள் போய்ப் பார்த்தேன்.
தமிழில் மட்டும் அறுநூற்றுப் பன்னிரண்டு பாராட்டு.
முதலில் கொளஞ்சிநாதன் என்று ஒருவர்.
ஜெபல் அலி போகும் பஸ்ஸில் எடுத்த
பதினெட்டு நொடி வீடியோ.
ஏசி ஓட்டையில் யாரோ செருகிய பல்துலக்கும் பிரஷ்,
முகவாயில் சொட்டும் ஆகஸ்ட்.
“எங்க கம்பெனி மாதிரி வருமா!
இட்லிப் பானைக்குள்ளயே உக்கார வச்சு
கூட்டிட்டுப் போறாங்க.
எறங்கும்போது நாங்களே டிபன்.”

கீழே வரிசையாக:
“ராஜ வாழ்க்கைண்ணே.”
“ஆவி பிடிக்கத் தனிக் காசு வாங்காத ஒரே கம்பெனி.”
“முதலாளி நூறு வருசம் நல்லாருக்கணும்,
இதே பஸ்ல.”

எல்லாவற்றுக்கும் பச்சை.
நன்றியுணர்வு, விசுவாசம், ஊழியர் பெருமிதம்
என்று மெஷின் பிரித்து அடுக்கியிருந்தது.

தனியாகச் சிரித்தேன்.
கோவில்பட்டியில் பத்தாம் வகுப்பில்
இந்த அணிக்கு விளக்கம் எழுதி
முழு மார்க் வாங்கியவள் நான்.
இங்கே அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்
மார்க் கேட்காமல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்,
வேர்வை விரலால்.

ஓரத்தில் ஒரு பொத்தான்:
தவறாகப் புரிந்துகொண்டேனா? திருத்துங்கள்.

அழுத்தினால் வட்டம் சிவக்கும்.
பஸ்ஸுக்கு ஏசி வந்தாலும் வரும்.
அதற்கு முன்
‘எதிர்மறைக் குரல்கள், முதல் பத்து’ பட்டியலில்
கொளஞ்சிநாதன் வருவார்,
தொழிலாளர் அட்டை எண்ணோடு.
அதோடு முடியாது. அது கற்றுக்கொள்ளும்.
பிறகு குவைத்தில், தோஹாவில், மஸ்கட்டில்
எந்த பஸ்ஸில் எவன் பல்லைக் கடித்துக்கொண்டு
‘ராஜ வாழ்க்கை’ என்றாலும்
அதற்குப் புரியும்.
இருப்பது அந்த ஒரு மறைப்பு.
அதையும் நானே பிரித்துக் கொடுக்க வேண்டும்.

அழுத்தாவிட்டால்
கேக்.

நான் ஒன்றும் நல்லவள் இல்லை.
போன வருடம் சாரம் சரிந்த அன்று
‘கவனத்தில் கொண்டோம்’ என்று எழுதியது
மெஷின் இல்லை.

பத்தரைக்கு ஒரு முன்மொழிவு தட்டினேன்.
ஊழியர்கள் தங்கள் பஸ் பயணத்தை
இவ்வளவு கொண்டாடும்போது
சேர்மன் அவர்களோடு ஒருநாள் பயணிக்க வேண்டாமா?
செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து பத்து.
ஐம்பது நிமிடம், கேமராவோடு.
இயல்பாக இருக்க, எந்த பஸ் என்பதைக்
கடைசி நிமிடத்தில் தேர்வு செய்யலாம்.

மெஷினிடம் காட்டினேன்.
மிகச் சிறந்த யோசனை என்றது.
வரவேற்பு வாய்ப்பு: தொண்ணூற்றேழு சதவீதம்.

ரனியா இரண்டு முறை படித்தாள்.
“ஜெசிந்தா, இது யார் யோசனை?”
“மெஷின்” என்றேன்.
கேக் ஒட்டிய விரலால்
என் மானிட்டரைத் தட்டிக்கொடுத்தாள்.

அறுபது பஸ்ஸையும்
திங்கள் இரவுக்குள் பழுது பார்த்துவிடலாம்.
பார்க்கட்டும்.
ஒன்றை மட்டும் பார்த்து
அதில் அவரை ஏற்றியும் விடலாம்.
அதுதான் நடக்கும் என்று
என் அனுபவம் சொல்கிறது.

மூன்று மணிக்கு சேர்மன் ஆபீஸிலிருந்து ஒரு கேள்வி:
என்ன உடை பொருத்தம்?

பருத்தி என்று எழுதினேன்.
கைக்குட்டை இரண்டு.