ஒன்றரைக் கோடு

நெல்பேட்டையில் ஜைலானி பாய் கடையில்
தராசுக்குப் பக்கத்தில் ஆறு டிரான்ஸ்பார்மர்.
"எதுக்குன்னு கேக்க மாட்டேன்மா.
உள்ள இருக்கறது தாமிரம். கிலோ கணக்கு."

முதலாவது மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து கழற்றியது.
வேண்டாம்.
இரும்பில் கஞ்சத்தனம் பண்ணியிருப்பார்கள்,
சும்மா இருக்கும்போதே கொதிக்கும்.

இரண்டாவது எக்ஸ்ரே கூடத்தில் இருந்தது,
எண்ணெய்த் தொட்டியோடு.
அதன் வோல்ட்டைத் தாங்க
என் இரண்டு வால்வுக்கும் தெம்பில்லை,
எனக்கும் இல்லை.

அடுத்த இரண்டும் இன்வெர்ட்டர்.
மின்வெட்டு நாளில் ஊரே வாங்கியது.
பன்னிரண்டு வோல்ட் மாட்டில்
எழுநூறு கறக்க முடியாது.

ஐந்தாவது மைக் செட்காரர் கொடுத்தது.
எத்தனை கொடை, எத்தனை கல்யாணம் கத்தியதோ,
அரக்கு உருகி வழிந்திருந்தது.

ஆறாவதின் மேல் எழுத்தே இல்லை.
கைப்பையிலிருந்து தையல் டேப்பை எடுத்தேன்.
நடுநாக்கு அகலம் ஐந்து சென்டிமீட்டர்,
தகடு அடுக்கின் கனம் ஏழு.
முப்பத்தைந்தை ஒன்று புள்ளி ஒன்று ஐந்தால் வகுத்து
வந்ததை வந்ததாலேயே பெருக்கினால்
தொள்ளாயிரத்துச் சொச்சம்.
"ஜாக்கெட்டா, பாவாடையா?" என்றார் பாய்.

அறுநூறே போதும் என்கிறது கணக்கு.
தந்தி அடித்தால் பாதி நேரம் ஓய்வு,
பேசினால் இன்னும் அதிகம்.
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில்
இரும்பு ஆறிக்கொள்ளும்.
தனசீலியோடு பேசினால்
ஆறுவதற்கே நேரம் நிறைய.
ஆனாலும் சித்திரை ராத்திரி செல்லூரில்
ஏசி எல்லாம் ஓடும்போது
இருநூற்று முப்பது நூற்றுத் தொண்ணூறாய் இளைக்கும்.
பெரிதாகவே இருக்கட்டும்.

போர்ட் பிளேயரில் இருக்கிறாள் தனசீலி.
வியாழன் தோறும் இரவு ஒன்பதரைக்கு
நாற்பது மீட்டரில் வருவாள்.
போன் இல்லையா என்று கேட்காதவர் இல்லை.
போனில் அவள் "நல்லாயிருக்கேன்" என்பாள்.
ரேடியோவில் ஒருத்தி 'ஓவர்' சொல்லும்வரை
இன்னொருத்தி வாய் திறக்க முடியாது.
அதனாலோ, யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பதாலோ,
அங்கேதான் உண்மை பேசுகிறாள்.

அவள் எனக்குத் தெளிவாய்க் கேட்கிறாள்.
நான்தான் போய்ச் சேருவதில்லை.
மூன்று வாரமாய் ஒரே வாக்கியம் சொல்கிறேன்:
அந்த வீட்டை விட்டு வந்துவிடு,
என் மாடி அறை காலியாக இருக்கிறது, ஓவர்.
இரைச்சல்.
"மறுபடி சொல்லு."

நாற்பது வாட்டை நானூறாக்கினால்
அவள் மீட்டரில் முள்
ஒன்றரைக் கோடு நகரும்.
அவ்வளவுதான்.

பாயின் மேஜையில் நூறு வாட் குண்டு பல்பைத்
தொடரில் கோத்துச் செருகினேன்.
ஒரு மின்னல். பிறகு இருட்டு.
"எரியலையே, செத்துப்போச்சு.
பாதி விலைக்குத் தூக்கிட்டுப் போங்க."

இந்தச் சோதனையில் எரிந்தால்தான் சாவு.
பல்பு பளீரென்றால் உள்ளே சுருள் ஒட்டிப்போச்சு.
காதைப் பக்கத்தில் கொண்டுபோனேன்,
கொதிக்கப்போகும் பாலின் முனகல்.
இடக்கையை முதுகுக்குப் பின் கட்டிக்கொண்டு
வலக்கையால் மீட்டர் முனையை வைத்தேன்.
எழுநூற்றுப் பத்து.

சொல்லாமல் வந்திருக்கலாம்.
"உயிரோடதான் இருக்கு பாய்" என்றேன்.
அவர் பல்பையும் பார்த்தார் என்னையும் பார்த்தார்.
முழு விலை. பத்து ரூபாய் குறைத்தார், டீக்கு.

ஷேர் ஆட்டோவில்
இரண்டு காலுக்கும் நடுவே இருபத்தெட்டு கிலோ.
"மோட்டாராக்கா?"
"இல்லை தம்பி, பேசறதுக்கு."
யானைக்கல் பாலத்தில் குலுங்கும்போது
பாதத்தால் அணைத்துப் பிடித்தேன்.

இன்று செவ்வாய்.
டையோடு, கண்டன்சர், ஃபியூஸ்,
எல்லாம் வாங்கி வைத்தாயிற்று.
நாளை ராத்திரிக்குள் முடித்துவிடலாம்.
ஆனால் சால்டரிங் அயர்ன் சூடாகி அரைமணி ஆகிறது,
நான் இன்னும் கையில் எடுக்கவில்லை.

நானூறு வாட்டில் அதே வாக்கியத்தைச் சொன்ன பிறகு
"மறுபடி சொல்லு" என்றாளானால்
அது இரைச்சலாக இருக்காது.