ஊக்கு குத்திய ஜெட்

நாற்பதாயிரத்துக்குப் பதிலாக
இந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து விட்டான் பினோய்.
பூப்பாறைக்காரன்.
"மலை ஏறுற வண்டி சேச்சி,
பாறை மேல விட்டாலும் நிக்கும்" என்றான்.
நின்றது.
எட்டு மாதம் என் கொட்டகையில் நின்றது.

இன்று ஞாயிறு. செவ்வாய்க்கிழமை ஏலக்காய் ஏலம்.
போடிமெட்டுச் சாவடிக்கு இந்தப் பக்கம்
பனி விலகாத வாசலில் உட்கார்ந்து
இட்லித் தட்டை எடுத்து வைத்தேன்.
ஒரு குழியில் திருகுகள், ஒன்றில் மிதவை,
ஒன்றில் ஊசி, ஒன்றில் வாஷர்.
ஒரு குழியில் நேற்றைய மாவு காய்ந்திருந்தது.
அதை விட்டுவிட்டேன்.

கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி
வடிந்ததைப் பாட்டில் மூடியில் பிடித்தேன்.
தேன் நிறம். பெட்ரோல் வாசமே இல்லை.
வார்னிஷ் வாடை, பூட்டிக் கிடந்த வீட்டு வாடை.
அடியில் ஒரு துளி தண்ணீர்
யாரோடும் சேராமல் தனியாக உருண்டது.

நான்கு திருகுக்கும் தலை வழுக்கை.
அளவு சேராத டிரைவரை விட்டு அவசரமாகத் திருகியிருக்கிறான்.
வட்டி கேட்டால் "நாளெ, நாளெ" என்பானே
அதே அவசரம்.

மெயின் ஜெட்டைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்தேன்.
கசகசா அளவுக்கு வட்டமாய் வெளிச்சம் தெரிய வேண்டும்.
தெரிந்தது கோணலாக ஒரு கிழிசல்.
ஊக்கு.
பனியனில் குத்தியிருந்ததை எடுத்து விட்டிருப்பான்.
பித்தளை மெத்தென்றது, விரிந்தால் விரிந்ததுதான்.
அடைப்பை எடுக்கிறேன் என்று
அளவையே எடுத்துவிட்டான்.

போடியில் புது ஜெட் கேட்டபோது
கடை தாவூது அண்ணன் "எந்த ஊருக்கு?" என்றார்.
ஜெட்டுக்கு ஊர் உண்டா?
உண்டாம்.
கீழே காற்று கெட்டித் தயிர்,
பதினேழு வளைவு ஏறினால் நீர்மோர்.
கீழே அளவாக இருக்கும் பெட்ரோல் மேலே அதிகம்.
புகையும், இருமும், பிளக்கைக் கரியாக்கும்.
நானோ காலையில் சாந்தன்பாறை, மாலையில் போடி.
நடுவில் ஒரு அளவு வாங்கினேன்.
கீழே கொஞ்சம் பசிக்கும்,
மேலே கொஞ்சம் செருமும்.
இந்த எல்லையில் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம்.

பைலட் ஜெட்டுக்கு
வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பிழை, போதும்.
மிச்சத்துக்கு சைக்கிள் பம்ப்.
மகன் பம்பை அடித்தான், நான் ஓட்டை ஓட்டையாகப் பிடித்தேன்.
மூன்றாவது ஓட்டையிலிருந்து
என் கண்ணாடியில் தெறித்தது எட்டு மாதம்.

மிதவையை மாட்டும்போது கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.
பெட்ரோல் ஏற ஏறத் தானும் எழுந்து
போதும் என்று ஊசியால் வாயை அடைக்கிற சாமான்.
அது என்னிடம் இருந்திருந்தால்
பினோய்க்குப் பத்தாயிரத்தோடு நிறுத்தியிருப்பேன்.

காற்றுத் திருகை முழுக்க மூடி
ஒன்றரைச் சுற்றுத் திறந்தேன்.
பதினோராவது உதையில் பிடித்தது.
சாவடி நாய் எழுந்து நின்று குரைத்துவிட்டு
இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் போய்ப் படுத்தது.

செவ்வாய்.
ஏலக்கூடத்தில் என் சாம்பிளை எடுத்த வியாபாரி
காயைப் பிளந்து மோந்தார்.
இன்னொரு காய். இன்னொரு முறை.
"என்னம்மா, பெட்ரோல் அடிக்குதே?"
சீயக்காய், எலுமிச்சை, அடுப்புச் சாம்பல்
மூன்றும் போட்டுத் தேய்த்த கையை
முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

கிலோவுக்கு நாற்பது குறைந்தது.
நூற்றிருபது கிலோ.
டைரியில் பினோய் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டேன்.

வண்டி வெளியே நிற்கிறது.
நான் நிறுத்தியது.