வெற்றுத் தோட்டா

சனிக்கிழமை காலை சரளைக் குழியில் காற்று
தெற்கு டகோட்டாவையே பெயர்த்துக்கொண்டு
வேறெங்கோ போகப் பார்க்கிறது.
பெயின்ட் கடையில் இலவசமாகக் கிடைத்த வண்ண அட்டையை
மார்லிஸ் பலகையில் அறைகிறாள், நான்கு ஆணி.
ஆறு நிறங்கள், ஒவ்வொன்றும் தபால்தலை அளவு.
"ஈரக் களிமண்ணில் இரண்டு" என்கிறாள்.
இரண்டு விழுகின்றன.
"பழைய வெண்ணெயில் ஒன்று."
விழுகிறது.

ஏழு கெஜம்.
சாப்பாட்டு மேசையில் எதிரே இருப்பவரிடம்
உப்பு கேட்பதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.
ஆனால் கைத்துப்பாக்கியின் முன்குறி உயர்ந்ததும்
தபால்தலை அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.
அப்புறம் நம்பித்தான் சுட வேண்டும்.

இருவருக்கும் ஒரே நீதிமன்றம்.
நான் கதவுக் காவல்.
அவள் நீதிபதிக்குக் கீழே சுருக்கெழுத்து எந்திரத்தின் முன்.
நிமிடத்துக்கு இருநூற்று இருபது சொல்.
சாட்சி அழுதாலும் வக்கீல் இரைந்தாலும் விரல்கள் ஓடும்.
"கேட்பேன், ஓரின்,
காதில் வாங்கிக்கொள்ள மாட்டேன்."

நேரக்கருவி என் இடுப்பில்.
பீப்.
கை உறைக்குப் போய், பற்றி, எழுந்து,
இன்னொரு கையைச் சந்தித்து, நீண்டு
ஒன்று புள்ளி ஆறு இரண்டு.
அவளுக்கு ஒன்றரை வேண்டும்.

ஒன்றரைக்குப் போனதும் விரல்
கண்ணைக் கைவிட்டு முந்தி ஓடுகிறது.
நிறங்களுக்கு நடுவே வெள்ளைக் கோட்டில் துளை.
இன்னொன்று.
இன்னொன்று, பலகையின் கணுவில்.
"கோட்டைச் சுட்டால் பதக்கம் உண்டா?"
சிரிக்கிறாள். பல்லில் மணல்.

திரும்பி நிற்கச் சொல்கிறேன்.
பத்துத் தோட்டாவில் ஒன்று பிளாஸ்டிக்,
ஆரஞ்சு நிறம், உள்ளே மருந்து இல்லை.
நான்காவதாக வைத்தேன்.
எங்கே என்று அவளுக்குத் தெரியாது.

பீப். டப். டப். டப்.
டிக்.

வெடிக்காத வெடிக்கு
துப்பாக்கி தலைகுனிந்தது.

குனிந்தபடியே நின்றாள்.
காற்றுகூட ஒரு கணம் யாரையோ பார்த்தது.
"எவ்வளவு?"
"கால் அங்குலம்" என்றேன்.
தினமும் சத்தியம் செய்யும் கைகளைப் பார்ப்பவன் நான்.
இரண்டு விரற்கடை இருக்கும்.

துப்பாக்கியைக் காலி செய்து மேசையில் வைத்தாள்.
பிறகு, அட்டையைப் பார்த்தபடி:
"புதன்கிழமை வெர்மூலன் வழக்கு.
லாரிச் சத்தம் கேட்டதா என்று அப்பனிடம் கேட்டார்கள்.
பதினோரு நொடி அவர் வாய் திறக்கவில்லை.
மௌனத்துக்கு என் எந்திரத்தில் விசை கிடையாது.
கை சும்மா இருக்க வேண்டும்.
இருக்கவில்லை.
'ஆமாம்' என்று அடித்துவிட்டது."

நான் அன்று கதவருகே நின்றேன்.
என் நினைவில் இருப்பது
கூண்டின் கட்டையைப் பிடித்திருந்த அவர் கட்டைவிரல் மட்டும்.

"அப்புறம் அவர் 'இல்லை' என்றார்.
அழித்தேன். யாருக்கும் தெரியாது.
இருபத்தாறு வருஷத்தில்
ஒருவர் சொல்லுமுன் எழுதியது அதுதான் முதல்முறை.
முதல்முறை என்றுதான் நினைக்கிறேன்."

சரளையில் ஆரஞ்சுத் தோட்டாவைத் தேடினோம்.
பித்தளைக் கூடுகள் கிடைத்தன,
ஒரு பழைய போல்ட் கிடைத்தது,
அது மட்டும் கிடைக்கவில்லை.
"வேறு இருக்கிறதா?"
"இருக்கிறது."
"இரண்டு போடு. எங்கே என்று முகத்தில் காட்டாதே."

திரும்பி நின்றாள்.
விரல் விறைத்துப்போய் ஒவ்வொன்றாக அடைத்தேன்.
ஒன்றுகூட வெற்று இல்லை. பத்தும் உயிர்.
ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்காதீர்கள்.

பீப்.
அவள் ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தாள்,
வராமல் போகக்கூடிய ஒன்றுக்குக் காத்திருப்பதுபோல.
விசை பின்னால் போகும், போகும்,
எப்போது என்று அவளுக்கே தெரியாது.
பத்தும் நிறத்துக்குள்.

"நேரம்?"
"முதல் குண்டு இரண்டு புள்ளி ஒன்று."
இந்த முறை பொய் சொல்லவில்லை.
ரொம்ப மெதுவு.

கையுறையைப் பல்லால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.
"எழுதிக்கொள்" என்றாள்.