ஏழாம் எண்

மூன்று நாள் நான் வேற்றுக்கிரகத்தாள்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு, அக்டோபர்.
செயின்ட் ஆஸ்டலுக்கு மேலே
எங்கள் களிமண் சுரங்கம்.
கோப்பையாகவும் காகிதமாகவும் போகிற மண்,
குவித்தால் நிலா மாதிரி வெள்ளை.
லண்டனிலிருந்து இரண்டு வேன் வந்தது.
கணக்கறையிலிருந்து உயரமானவர்கள்
எட்டுப் பேர் வேண்டும் என்றார்கள்.
நாளுக்கு நான்கு பவுண்டு, ஒரு பேஸ்டி.
நான் ஏழாம் எண்.

முகமெல்லாம் வெள்ளிச் சாயம்.
தலையில் நீச்சல் தொப்பி,
அதன்மேல் ஒட்டிய முட்டை அட்டை.
எட்டாம் எண் லவ்டே ட்ரெகியர்
சிரித்துச் சிரித்தே மூக்கின் வெள்ளியைத் தொலைத்தாள்.

வசனம் கிடையாது.
மேட்டில் வரிசையாக ஏற வேண்டும்,
வலக்கையைத் தூக்க வேண்டும்.
கப்பல் தலைவர் துப்பாக்கியை நீட்டுவார்.
(அதிலிருந்து எதுவும் வராது,
கதிரைப் பிறகு படச்சுருளில் வரைவார்களாம்.)
யாரோ “இப்போ” என்று கத்துவார்,
விழ வேண்டும்.
நன்றாக விழுந்தேன்.
எல்லோரும் சொன்னார்கள்.

கையை எதற்குத் தூக்கினோம் என்று
யாரும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை, ஐந்தே காலுக்குப் பேருந்து.
காதுக்குப் பின்னால் வெள்ளியோடு உட்கார்ந்திருந்தேன்.
நடத்துனர் சீட்டு மட்டும் கேட்டார்.

இப்போது அந்தத் தொடரே
புதிதாக வருகிறது.
கப்பலுக்கு அதே பெயர், கப்பல் வேறு.
ஜேகோ மாதச் சந்தா கட்டி,
சோபாவின் பள்ளத்தில் எனக்கும் இடம் விட்டு,
“பார், என்ன தத்ரூபம்!” என்கிறான்.

எனக்குத் தெரிந்தால்தானே.
ஒரே இருட்டு.
விண்மீன் வரைக்கும் போகத் தெரிந்தவர்களுக்கு
ஒரு குழல்விளக்கு வாங்க வக்கில்லையா?
எங்கள் கப்பல் பளிச்சென்றிருக்கும்,
அட்டைச் சுவர் ஆடுவதுகூடத் தெரியும்.
தானியங்கிக் கதவுக்குப் பின்னால்
கயிற்றோடு ஒருவன் நின்றிருப்பானாம்,
அவன் தேநீருக்குப் போய்விட்டால்
எதிர்காலம் மூடியே கிடக்கும்.

அன்று வாரத்துக்கு ஒரு கிரகம்.
ஐம்பது நிமிடத்தில் வந்து, சுட்டு, காப்பாற்றி,
செத்தவனை மறந்து,
கடைசிக் காட்சியில் எல்லோரும் சிரித்தாக வேண்டும்.
இவர்களோ அப்பாவை நினைத்து அழவே
மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறார்கள்.
எட்டுப் பாகம், பிறகு இரண்டு வருடம் காத்திரு.
எழுபத்தொரு வயதுக்காரியிடம்
‘தொடரும்’ என்று சொல்வது
அவ்வளவு மரியாதை இல்லை.

ஆனாலும் ஒன்று.
பழைய கப்பலில் பெண்கள் இரண்டே பேர்,
ஒருத்தி தொலைபேசி எடுப்பாள்,
ஒருத்தி அலறுவாள்.
இதில் தலைவியே பெண்.
கண்ணுக்குக் கீழே கருவளையம்,
அதை மறைக்க மாவு பூசவுமில்லை.
ஜேகோவிடம் நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை.
தேநீர் போடப் போனேன்.

ஐந்தாம் பாகத்தில்
அந்தக் கிரகம்.
சுரங்கத்துக்கு யாரும் வரவில்லை,
அது இப்போது பச்சைத் தண்ணீர் நின்ற குளம்.
எங்கோ கூடத்துக்குள் விளக்குச் சுவர் எழுப்பி
அதில் இரண்டு நிலாவை ஏற்றியிருக்கிறார்கள்.
மேட்டின் மேல் எட்டுப் பேர்.
முட்டை அட்டை இல்லை,
தோலுக்கடியில் ஏதோ நீந்துகிறது.
வலக்கையைத் தூக்கினார்கள்.
“உன் ஆட்கள்!” என்று தொடையில் தட்டினான் ஜேகோ.

தலைவி துப்பாக்கியை எடுத்தாள்.
நுனியில் நிஜமாகவே நீலம் எரிந்தது.
எனக்கு முழங்கால் தானாகத் தளர்ந்தது,
உட்கார்ந்தபடியே
விழத் தயாரானேன்.

அவள் சுடவில்லை.
நீலம் அணைந்தது.
வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தவள்
கடைசிக்கு முந்தையவளிடம் நின்று
கேட்டாள்: “உங்கள் பெயர் என்ன?”

அந்த மொழியை யாரோ பேராசிரியர்
இலக்கணத்தோடு செய்துகொடுத்தாராம்.
எழுவாய், பயனிலை எல்லாம் உண்டாம்.
அவள் வாய் திறப்பதற்குள்
வாயில் உருளைச் சீவலோடு நான் சொன்னேன்:
“மோர்வென்னா.”

ஜேகோ திரும்பிப் பார்த்தான்.
என்ன?

ஒன்றுமில்லை.
வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டு,
அவள் முகம் தெரியவில்லை.